அழுதால் தாய், கேள்வி கேட்டால் வாய்க்காரி: யாழ்ப்பாணத்தில் பெண் தலைமைத்துவம்

கடந்த மாதம் வலிகாமத்தில் நடந்த ஒரு பெண் தலைமைத்துவப் பயிற்சிக்குச் செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். மாதர் சங்கங்களிலிருந்து நாற்பது பெண்கள் வரையில் வந்திருந்தார்கள். வளவாளர் வெண்பலகையில் ‘மனவெழுச்சி நுண்ணறிவு’ என்று பெரிதாக எழுதினார். கோபம் வந்தால் அதை அடையாளம் காண்பது, மற்றவரின் மனநிலையைப் புரிந்துகொள்வது, முரண்பாட்டைப் பொறுமையாகக் கையாள்வது என்று ஒவ்வொன்றாக விளக்கினார். பெண்கள் கொப்பிகளில் எழுதிக்கொண்டார்கள். தேநீர் இடைவேளையில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் மெதுவாகக் கேட்டார்: “பிள்ளை, இந்த வகுப்பு ஆம்பிளையளுக்கு எப்ப நடக்கும்?”

அவருக்கு வயது ஐம்பத்தைந்து இருக்கும். பதினொரு வருடங்களாகத் தன் கிராமத்தின் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவி. பெயரையும் ஊரையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கோயில் பரிபாலன சபையிலும் கட்சிகளிலும் இருப்பவர்கள் அவருடைய சொந்தக்காரர்கள்தான். பிறகு இரண்டு தடவை அவருடைய வீட்டுக்குப் போய்க் கதைத்தேன். யாழ்ப்பாணத்தில் பெண்களின் பொறுமையைப் பயன்படுத்த எல்லோரும் தயாராக இருக்கிறோம். அந்தப் பொறுமைக்குப் பின்னால் இருக்கின்ற அறிவுக்கு அதிகாரம் கொடுக்கத்தான் தயாராக இல்லை. அந்த அக்காவோடு கதைத்த பிறகு எனக்குத் தெளிவானது இதுதான்.

2023 ஜூலையில் அஸ்வெசும திட்டம் தொடங்கியபோது, சமுர்த்தி பெற்றுவந்த பல குடும்பங்களின் பெயர்கள் புதிய பட்டியலில் இருக்கவில்லை. நாட்டின் பல இடங்களில் பிரதேச செயலகங்களின் முன்னால் மக்கள் திரண்டார்கள். இவருடைய கிராமத்தில் அந்தக் கோபம் முதலில் திரும்பியது பக்கத்து வீட்டின் மீது. அவளுக்கு வந்திருக்கிறது, எனக்கு ஏன் வரவில்லை என்ற கேள்வி ஒரே ஒழுங்கையில் இருந்த குடும்பங்களைப் பிரித்தது. அக்கா மூன்று பின்னேரங்கள் முன்பள்ளிக் கட்டடத்தைத் திறந்து வைத்தார். பெயர் வந்த பெண்களில் எழுதத் தெரிந்தவர்களைக் கூப்பிட்டு, பெயர் வராதவர்களின் மேன்முறையீடுகளை எழுத வைத்தார். “ஆக்களின்ர கோபத்தை நிப்பாட்டேலாது பிள்ளை. அது போறதுக்கு ஒரு வழி காட்டலாம்” என்றார். எத்தனை பேருக்குப் பிறகு உதவி கிடைத்தது என்பது வேறு கதை. அந்த ஒழுங்கையில் ஒருவரோடொருவர் கதைக்காமல் விட்டவர்கள் யாரும் இல்லை என்பதை அவர் சற்றுப் பெருமையோடு சொன்னார்.

மனவெழுச்சி நுண்ணறிவு என்ற கருத்தை உளவியலாளர்களான பீற்றர் சலோவேயும் ஜோன் மேயரும் 1990 இல் ஒரு ஆய்வுக் கட்டுரையில் முன்வைத்தார்கள். 1995 இல் டானியல் கோல்மன் எழுதிய நூல் அதை உலகெங்கும் நிறுவனங்களின் பயிற்சி அறைகளுக்குள் கொண்டுபோனது. அதற்கு முன்பே, 1983 இல், சமூகவியலாளர் ஆர்லி ஹொக்ஷைல்ட் வேறொரு கேள்வியைக் கேட்டிருந்தார். அவர் விமானப் பணிப்பெண்களையும் கடன் அறவிடுபவர்களையும் ஆராய்ந்தார். ஒரு தொழில் எந்த நேரமும் புன்னகையைக் கேட்கிறது, மற்றத் தொழில் கடுமையைக் கேட்கிறது. புன்னகைக்கும் வேலையில் பெரும்பாலும் பெண்களே இருந்தார்கள். உணர்வைக் கையாள்வதும் உழைப்புத்தான், அந்த உழைப்பு யார் தலையில் விழுகிறது என்று பார்க்க வேண்டும் என்பதே அவருடைய வாதம்.

நுண்கடன் அறவிடுபவர்களின் மோட்டார் சைக்கிள் சத்தத்தைக் கேட்டுக் கதவைச் சாத்திய கிராமங்கள் வடக்கில் நிறைய இருக்கின்றன. ஹொக்ஷைல்ட் சொன்ன கடுமையும் பொறுமையும் அங்கே ஒரே படலையில் சந்தித்துக்கொண்டன. கடுமையாகக் கதைத்தவருக்குச் சம்பளம் இருந்தது. அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பிய மாதர் சங்கத் தலைவிக்கு ஒரு சதமும் இல்லை.

யாழ்ப்பாணத்தின் பொது வாழ்க்கை பெண்களுக்குக் கதவு திறந்த தருணங்களைத் திரும்பிப் பார்த்தால், பெரும்பாலும் அந்தக் கதவு துயரத்தின் கதவாக இருக்கிறது. 1984 இல் இளைஞர்கள் கூட்டங்கூட்டமாகக் கைது செய்யப்பட்டபோது, தாய்மார் அன்னையர் முன்னணியாகத் திரண்டு அரசாங்க அதிபரின் அலுவலகத்துக்கு ஊர்வலமாகப் போனார்கள். சில ஆண்டுகளுக்குள் இயக்கங்களின் செல்வாக்கு வளர, அந்த முன்னணியின் சுயாதீனம் சுருங்கியது. 1998 இல் யாழ். மாநகர சபையின் முதல்வரான சரோஜினி யோகேஸ்வரன், 1989 இல் கொல்லப்பட்ட முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் யோகேஸ்வரனின் மனைவி. பதவியேற்ற சில மாதங்களில், அவ்வாண்டு மே 17 ஆம் திகதி, அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். 2010 இல் யாழ். மாவட்டத்திலிருந்து நாடாளுமன்றம் சென்ற விஜயகலா மகேஸ்வரனின் கணவர் 2008 புத்தாண்டு தினத்தில் கொழும்பில் ஒரு கோயிலில் வைத்துக் கொல்லப்பட்டவர். 2013 மாகாண சபைத் தேர்தலில் 87,870 விருப்பு வாக்குகள் பெற்ற அனந்தி சசிதரன், 2009 மே மாதத்தில் படையினரிடம் சரணடைந்த கணவரைத் தேடியபடி அரசியலுக்கு வந்தவர்.

இந்தப் பெண்களின் துணிவையோ திறமையையோ குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. மக்கள் வாக்களித்தது அவர்கள் பட்ட இழப்புக்கு மட்டும்தான் என்று சொல்வதும் நியாயமில்லை. ஆனாலும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. கணவரையோ பிள்ளையையோ இழக்காத ஒரு பெண், வீதி, வடிகால், வரவுசெலவுத் திட்டம் பற்றித் தெரியும் என்ற தகுதியோடு வந்து நின்றால், இதே வரவேற்புக் கிடைக்குமா?

அந்தத் துயரக் கதவைத் திறந்து வைத்ததில் ஊடகங்களுக்கும் பங்கு உண்டு. நான் ஊடகக் கற்கைகள் படித்தவள். செய்திப் படங்களில் பெண்கள் எப்படிக் காட்டப்படுகிறார்கள் என்று பரீட்சைக்கு எழுதியவள். 2025 ஜூனில் செம்மணியில் ‘அணையா விளக்கு’ போராட்டம் நடந்தபோது நானும் கமராவோடு போனேன். ஒரு தாய் தன் மகன் கொண்டுசெல்லப்பட்ட திகதி, நேரம், முகாமின் பெயர், பிறகு தான் போன அலுவலகங்கள் எல்லாவற்றையும் ஒரு பிழையும் இல்லாமல் வரிசையாகச் சொன்னார். ஒரு வழக்கறிஞரின் கோப்பைப் போல இருந்தது அந்தப் பேச்சு. நான் அனுப்பிய படம், கதைத்து முடித்த பிறகு அவர் அழுத படம். அதுதான் பிரசுரமாகும் என்று எனக்குத் தெரியும். அவருடைய அறிவை விட்டுவிட்டு அவருடைய கண்ணீரை எடுத்துக்கொண்டேன்.

இதை அக்காவிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. “அழுதால் தாய் எண்டு கும்பிடுவினம். கணக்கு என்னெண்டு கேட்டால் வாய்க்காரி எண்டுவினம்” என்றார். கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டமொன்றில் வீதித் திருத்தத்துக்கு வந்த காசின் கணக்கைக் கேட்டபோது, உணர்ச்சிவசப்பட வேண்டாம் என்று அவருக்குச் சொல்லப்பட்டதாம். மேசையில் அடித்துக் கத்தியவருக்கு யாரும் அப்படிச் சொல்லவில்லையாம். ஆணின் கோபம் எங்கள் ஊரில் உணர்ச்சி என்ற கணக்கிலேயே சேர்வதில்லை.

இனி எண்களுக்கு வருவோம். இலங்கைப் பெண்களுக்கு 1931 இல் வாக்குரிமை கிடைத்தது. அவ்வாண்டுத் தேர்தலைக் குடாநாடு பகிஷ்கரித்ததால், இங்குள்ள பெண்கள் அந்த முதலாவது தேர்தலில் வாக்களிக்கவில்லை. உள்ளூராட்சி சபைகளில் நாடு முழுவதும் பெண்களின் பங்கு 2018 வரையில் ஏறத்தாழ 2 வீதமாகவே இருந்தது. 25 வீத ஒதுக்கீடு முதற்தடவையாக நடைமுறைக்கு வந்த 2018 பெப்ரவரித் தேர்தலில் அது 20 வீதத்தைத் தாண்டியது. பல ஆண்டு மேடைப் பேச்சுகள் செய்யாததை ஒரு சட்டத் திருத்தம் ஒரே நாளில் செய்தது. யாழ். மாநகர முதல்வர் கதிரையில் 1998 இல் சரோஜினி யோகேஸ்வரனும், 2009 இல் யோகேஸ்வரி பற்குணராஜாவும், 2025 ஜூனில் விவேகானந்தராஜா மதிவதனியும் அமர்ந்தார்கள். நாடாளுமன்றத்துக்கு அப்படியொரு ஒதுக்கீடு இல்லை. 2024 இல் யாழ். மாவட்டத்திலிருந்து தெரிவான 6 பேரும் ஆண்கள்.

உள்ளூராட்சி ஒதுக்கீட்டிலும் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. முதலாவது, வட்டார வேட்பாளர்களில் 10 வீதமானோர் மட்டும் பெண்களாக இருந்தால் போதும், மேலதிகப் பட்டியலில்தான் அரைவாசி பெண்கள் இருக்க வேண்டும். ஆகவே கட்சிகள் வெல்லக்கூடிய வட்டாரங்களை ஆண்களுக்குக் கொடுத்துவிட்டு, பெண்களைப் பட்டியலில் போடுகின்றன. பட்டியலில் வரும் உறுப்பினருக்குச் சொந்தமாக ஒரு வட்டாரம் இல்லை, தன்னைத் தெரிவுசெய்த மக்கள் இவர்கள்தான் என்று காட்ட ஆட்களும் இல்லை. இரண்டாவது, 20 வீதத்துக்குக் குறைந்த வாக்குகளையும் மூன்றுக்குக் குறைந்த ஆசனங்களையும் பெறும் கட்சிக்கும் சுயேச்சைக் குழுவுக்கும் இந்த ஒதுக்கீடு பொருந்தாது. யாழ். மாவட்டத்தின் 17 சபைகளிலும் தமிழ்க் கட்சிகள் பிரிந்து பிரிந்து போட்டியிடுகின்றன. எங்கள் ஒற்றுமையின்மைக்கு ஒரு கதிரை, இரண்டு கதிரையாக விலை கொடுப்பவர்கள் பெண்கள்.

2025 மே தேர்தலுக்கு முன்னர் இரண்டு கட்சிக்காரர்கள் அக்காவின் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். இருவரும் கேட்டது பட்டியலுக்கு ஒரு பெயர். பதினொரு வருடமாக வேலை செய்கின்ற தன் வட்டாரத்தில் நிற்கிறேன் என்று இவர் சொன்னபோது, அடுத்த முறை பார்ப்போம் அக்கா என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடித்துப் போனார்கள். இவர் இரண்டு படிவங்களிலும் கையெழுத்து வைக்கவில்லை.

கையெழுத்து என்றதும் கதை காணிக்குப் போனது. தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், தன் பெயரில் இருக்கின்ற காணியையோ வீட்டையோ விற்பதற்கும் நன்கொடையாகக் கொடுப்பதற்கும் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் மற்றும் மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. கணவருக்கு அத்தகைய நிபந்தனை இல்லை. “சங்கத்துக் காசோலையில நான் கையெழுத்து வைக்கலாம். என்ர சீதனக் காணி உறுதியில தனிய வைக்கேலாது” என்றார். அவருடைய சங்கத்தில் ஒரு பெண்ணின் கணவர் 2009 இல் காணாமல் ஆக்கப்பட்டவர். மகளின் படிப்புக்காகக் காணித் துண்டொன்றை விற்க அவர் நீதிமன்றத்தின் அனுமதியைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. காணாமல்போனமைக்கான சான்றிதழுக்கு 2016 இல் சட்டம் வந்தது உண்மை. பல பெண்களுக்கு அந்தச் சான்றிதழை எடுப்பதே கணவர் இனி வரமாட்டார் என்று கையொப்பம் இடுவது போல இருக்கிறது. அப்படிப்பட்ட ஒருவருக்கு நாங்கள் மனவெழுச்சியைக் கையாளப் பயிற்சி கொடுக்கிறோம். சட்டத்தை மாற்றுவது பற்றிக் கதைப்பது மிகக் குறைவு.

பெண்கள் இயல்பிலேயே மென்மையானவர்கள், அதனால் நல்ல தலைவர்கள் என்ற பேச்சை அக்கா ஏற்கவில்லை. சங்கத்துக்குள் பொறாமையும் சண்டையும் இருக்கின்றன, அதற்கும் மேலாகச் சாதி இருக்கிறது என்று அவரே சொன்னார். முதல் சில வருடங்கள் கூட்டங்கள் ஒரு உறுப்பினரின் வீட்டு விறாந்தையில் நடந்திருக்கின்றன. கிராமத்தின் ஒரு குறிச்சியிலிருந்து பெண்கள் யாரும் வருவதில்லை. அவர்களுக்கு ஆர்வம் இல்லை என்று இவர் நினைத்திருந்தார். அந்த வீட்டில் தங்களுக்குக் கதிரை தரமாட்டார்கள் என்பதை ஒரு பெண் இவரிடம் தனியாகச் சொல்ல மூன்று வருடங்கள் ஆனது. அடுத்த கூட்டத்தை இவர் முன்பள்ளிக்கு மாற்றினார். அதற்குப் பிறகு விறாந்தைக்காரர் இரண்டு வருடங்கள் சங்கத்துக்கு வரவில்லை. “நான் விளங்காமல் விட்ட மூண்டு வருசத்தையும் எழுதுங்கோ” என்று இந்தப் பகுதியை மட்டும் கட்டாயம் எழுதச் சொன்னார். ஆண்களிடம் சமத்துவம் கேட்கின்ற பெண், தன் விறாந்தையில் யாருக்குக் கதிரை இல்லை என்றும் பார்க்க வேண்டும். மற்றவரின் மனநிலையைப் புரிந்துகொள்வது என்று வெண்பலகையில் எழுதியது நடைமுறையில் இதுதான் என்று நினைக்கிறேன்.

பயிற்சிகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிரதேச சபை உறுப்பினர்களுக்கும் கிராம அபிவிருத்திச் சங்கங்களுக்கும் கோயில் பரிபாலன சபைகளுக்கும் அதே வளவாளர் அதே வெண்பலகையோடு போக வேண்டும். வட்டார வேட்பாளர்களில் பெண்களின் பங்கு 10 வீதத்திலிருந்து உயர வேண்டும். 1911 ஆம் ஆண்டுச் சட்டத்தின் சம்மத நிபந்தனை நீக்கப்பட வேண்டும். இவை மூன்றும் நடக்காமல் பெண்களிடம் பொறுமையை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பதைச் சமத்துவம் என்று சொல்ல முடியாது.

நான் கடைசியாகப் போன நாளில் அக்கா பழைய கூட்ட அறிக்கைகளை மேசையில் பரப்பி வைத்திருந்தார். அடுத்த கிழமை கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பொதுக்கூட்டம். இதுவரையில் அதன் தலைவர் பதவிக்கு ஒரு பெண்ணின் பெயர் முன்மொழியப்பட்டதில்லை. இம்முறை அக்காவின் பெயரை முன்மொழிய மாதர் சங்கத்திலிருந்து ஒருவர் சம்மதித்திருக்கிறார். வழிமொழிவதற்கு ஒரு ஆண் கிடைத்தால் நல்லது என்று அக்கா நினைக்கிறார். இரண்டு பேரைக் கேட்டிருக்கிறாராம். வீட்டில் கேட்டுச் சொல்வதாக இருவரும் சொல்லியிருக்கிறார்கள்.