நீருக்குப் பங்குண்டு, வேலைக்குப் பங்கில்லையா?

இரணைமடுவில் நீர் குறைந்த ஆண்டில் சிறுபோகத்துக்கு நாம் என்ன செய்கின்றோம்? வலியவன் முதலிற் பாய்ச்சட்டும், மிஞ்சியது கடைக்கோடி வயலுக்கு வரட்டும் என்று விட்டுவிடுகின்றோமா? இல்லை! கமக்காரர் கூட்டம் கூடுகின்றது. இத்தனை ஏக்கர் என்று வரையறுத்துப் பங்கு பிரிக்கின்றது. அந்த நீதியை அரசாங்கப் பணத்துக்கும் விரிக்க வேண்டுமென்பதே நமது கோரிக்கை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் அரசு செய்விக்கும் வேலைகளில் ஒரு பங்கு, அங்குள்ள சிறு ஒப்பந்தகாரருக்கும் கமக்காரர் அமைப்புகளுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் சட்டப்படி ஒதுக்கப்படல் வேண்டும்.

பெரிய கம்பனிக்கே இயந்திரமும் மூலதனமும் அனுபவமும் உண்டென்பர் சிலர். உண்மைதான். பெருங்குளத்தின் அணைக்கட்டை ஓர் உழவு இயந்திரக்காரனிடம் ஒப்படையுங்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் கிராமத்து மதகுக்கும் வயல் வாய்க்காலுக்கும் பாடசாலை மதிலுக்கும் பன்னாட்டு அனுபவம் எதற்கு? சிறு வேலைகள் பலவற்றை ஒரே கட்டாகக் கட்டி, அதற்குப் பெருந்தொகை வங்கி உத்தரவாதமும் கேட்டால், உள்ளூரான் விலைமனுப் போடும் முன்னரே தோற்றுவிடுகின்றான். வேலை கொடாமல் அனுபவம் கேட்பது, விதைநெல் கொடாமல் விளைச்சல் கேட்பது போன்றதன்றோ?

2016ஆம் ஆண்டை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். வடக்கு கிழக்கில் 65,000 உருக்கு வீடுகளை அமைக்கும் பணியை ஆர்செலர் மிட்டல் என்னும் பன்னாட்டு நிறுவனத்திடம் கொடுக்க அரசாங்கம் முனைந்தது. வீடொன்றின் விலை ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. வெயிலுக்கும் வாழ்க்கைக்கும் ஒவ்வாத வீடு என்று எதிர்ப்பு எழுந்தது. அத்திட்டம் அவ்வடிவில் நிறைவேறவில்லை. ஆனால் 2012இல் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தின் இரண்டாங் கட்டத்தில், 5½ இலட்சம் ரூபா தவணை தவணையாகக் குடும்பத்தின் கையிலேயே கொடுக்கப்பட்டது. வீட்டுக்காரரே மேசனைத் தேடினர், தச்சனைத் தேடினர், கல்லும் மணலும் வாங்கினர். ஒரு வழியிற் பணம் ஊரின் கைகளிற் புழங்கியது. மற்ற வழியில் அது ஊரைத் தொடாமலே கடந்து போயிருக்கும்!

இது நாம் புதிதாய்க் கண்ட தத்துவமுமன்று. முதலாளித்துவத்தின் கோட்டையான அமெரிக்கா 1953இலேயே சிறுதொழிற் சட்டம் இயற்றியது. கூட்டாட்சி அரசின் ஒப்பந்தங்களில் நூற்றுக்கு 23 பங்கு சிறு நிறுவனங்களுக்குச் செல்லவேண்டுமென்பது அங்குள்ள இலக்கு. இந்தியா 2012இல் நூற்றுக்கு 20 என்று கட்டளையிட்டது. 2018இல் அதனை 25 ஆக்கி, பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கென 3 பங்கையும் உள்ளடக்கியது. போரிலே கணவனை இழந்த பெண்கள் குடும்பஞ் சுமக்கும் வன்னிக்கு இவ்விதி எத்துணை பொருந்தும்!

ஒதுக்கீடு மட்டும் போதாது. பெயர் உள்ளூரானுடையது, இலாபம் வெளியூரானுடையது என்னும் பினாமி வியாபாரத்துக்கு அது வாசலாகிவிடக் கூடாது. பங்கை விற்பவனின் பதிவை நீக்குக. செய்த வேலைக்குக் குறித்த நாளிற் பணம் கொடுக்குக. 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியில் ஒப்பந்தக் கொடுப்பனவுகள் நாடெங்கும் நிலுவையில் நின்றன. பெரியவன் அதனைத் தாங்குவான்; நகையை அடகு வைத்துச் சீமெந்து வாங்கிய சிறியவன் தாங்குவானா? தரக்குறைவான வேலைக்குச் சலுகையும் வேண்டாம். உடைந்த வாய்க்காலால் முதலிற் காய்வது நம் வயலே.

கமநல அபிவிருத்திச் சட்டம் 2000ஆம் ஆண்டிலேயே கமக்காரர் அமைப்புகளுக்குச் சட்ட அங்கீகாரம் அளித்துள்ளது. நள்ளிரவில் குளக்கட்டு கசிந்தால் மண்மூடையுடன் ஓடுபவர்கள் அவர்களே. வேலை முடித்துப் போன கம்பனியன்று. காக்கும் கைக்குக் கட்டும் உரிமை இல்லையா?

பொறியியலாளர்களே, கணக்காளர்களே! வேலைகளைப் பிரிக்கும் பேனா உங்கள் கையில் இருக்கின்றது. கமக்காரர்களே! நீர்ப்பங்குக்குக் குரல் எழுப்பும் கூட்டத்திலேயே வேலைப்பங்குக்கும் தீர்மானம் நிறைவேற்றுங்கள். நாம் கேட்பது பிச்சையன்று, பங்கு!