கைமணம் என்னும் கற்பிதம்

ஆண்டுதோறும் ஆடி பிறந்ததும் நம் சூழலில் ஒரு வகைக் கட்டுரை முளைத்துவிடுகிறது. அதில் ஓர் அப்பத்தா இருப்பாள். அவள் கையால் உருட்டிய மாவுருண்டையின் மணம் பத்தி பத்தியாக வீசும். கண்ணளவும் கைப்பதமும் அன்றி வேறு அளவை அறியாதவள் அவள். கட்டுரையின் கடைசியில் தவறாமல் ஒரு பெருமூச்சு வரும்: இன்றைய பெண்களுக்குப் பொறுமை இல்லை, எல்லாம் மிக்சியும் பத்து நிமிடமும் ஆகிவிட்டது, அந்த ருசி போயே போயிற்று. நண்பர்கள் உருகிப் பாராட்டுவார்கள். எழுதியவர் பெரும்பாலும் ஆணாக இருப்பார்.

இத்தகைய கட்டுரை ஒன்றை நானும் எழுதியவன்தான். ஆகவே இது அயலார்மீது எறியும் கல் அல்ல.

புதுக்கோட்டை மாவட்டத்தின் திருமயம் வட்டாரத்தை அறிந்தவர்களுக்கு இராயவரம், கடியாபட்டி, கோனாபட்டு என்று வரிசையாக நிற்கும் நகரத்தார் ஊர்களைத் தெரிந்திருக்கும். செட்டிநாடு என்றாலே காரைக்குடி என்று நினைப்பவர்கள் மாவட்ட எல்லையைச் சற்றே தாண்டி வரவேண்டும். இன்னொரு பிழையையும் இங்கேயே திருத்திக்கொள்ளலாம். உணவக முகப்புகளில் செட்டிநாடு என்ற சொல் மிளகும் கறியும் எரிச்சலுமாகச் சுருங்கிவிட்டது. கந்தரப்பம், கும்மாயம், உக்காரை, பால் பணியாரம், கவுனி அரிசி என்று இனிப்பின் வழியாகவே தன் விருந்துகளைத் தொடங்கும் ஒரு சமையல் மரபுக்கு இதைவிடப் பெரிய அவமதிப்பு இல்லை. அது தனிக் கட்டுரைக்கான பொருள், விட்டுவிடுகிறேன்.

என் அப்பத்தா அந்தப் பெரிய வீடுகளைச் சேர்ந்தவள் அல்ல. அவ்வீடுகளின் கலியாணங்களுக்கு மாவு இடிக்கப் போனவள். ஊறவைத்து நிழலில் உலர்த்திய பச்சரிசியை உரலிலிட்டு இடித்து, சலித்து, மிஞ்சிய குருணையை மீண்டும் இடித்து, முறம் முறமாக மாவு கொடுத்துவிட்டு மாலையில் திரும்புவாள். விருந்தில் உண்டவர்கள் அந்த வீட்டு ஆச்சியின் கைமணத்தைப் புகழ்ந்தார்கள். புகழ்ச்சியில் பொய் இல்லை. பாகும் பதமும் ஆச்சியுடையவையே. ஆனால் அந்த மணத்துக்குப் பின்னால் எத்தனை தோள்பட்டைகள் இருந்தன என்று எந்த நனவிடை தோய்தலிலும் நான் படித்ததில்லை. அப்பத்தாவின் வலது தோள் கடைசிப் பத்தாண்டுகள் மேலெழவே இல்லை. தலை சீவிவிட ஒருவர் வேண்டியிருந்தது. நான் எழுதிய கட்டுரையில் அந்தத் தோள் இடம்பெறவில்லை. உருண்டை மட்டும் இருந்தது.

என் முதல் மறுப்பு 'கைமணம்' என்ற சொல்லின்மீதே. ஓர் ஆண் சிற்பம் செதுக்கினால் அதைத் தொழில்நுட்பம் என்கிறோம். இலக்கணமும் அளவும் தேடிப் போகிறோம். ஒரு பெண் அதிரசப் பாகை இறக்கும் கணத்தைத் துல்லியமாக அறிந்தால் அதை அன்பு என்கிறோம். பாகு காய்ந்துகொண்டிருக்கும்போதே ஒரு சொட்டைக் கிண்ணத்து நீரில் விட்டு, விரலால் கூட்டிப் பார்க்கிறாள். கரைந்தால் ஆகவில்லை. மெத்தென்று திரண்டால் அதிரசத்துக்கு ஆயிற்று. கெட்டியாக உருண்டு, தட்டில் போட்டால் 'டக்' என்று ஓசை எழுப்பினால் அது பொரிவிளங்காய்க்கு. அதிரசத்துக்கு அது முற்றிய பாகு, பல் பதம் பார்க்கும். இது சோதனை, முடிவு, மறுசோதனை என்று செல்லும் தெளிவான அறிவு. வெள்ளைப் பணியாரத்தின் அளவைப் பாருங்கள். ஆழாக்கில் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதே ஆழாக்கின்மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவிக்க வேண்டும். குவியல் நிற்கும் அளவுக்குமேல் உளுந்து தானாகவே சரிந்து விழுந்துவிடும். ஒரே பாத்திரத்தில் ஒரு விகிதத்தையே பொதிந்து வைத்தவர்களைக் கண்ணளவுக்காரர்கள் என்று கொஞ்சுவது, அவர்களுடைய அறிவைப் பறித்துக்கொண்டு அன்பை மட்டும் கையில் திணிப்பதாகும்.

'எளிது' என்ற சொல்லின்மீது நமக்குள்ள இளக்காரம் அதைவிடப் பெரியது. எளிய சமையல் குறிப்பு என்றாலே ஏதோ துரோகம் நிகழ்ந்துவிட்டதைப்போல முகம் சுளிக்கிறோம். ஆனால் 1951-இல் எஸ். மீனாட்சி அம்மாள் 'சமைத்துப் பார்' நூலை வெளியிட்டபோது செய்தது என்ன? மாமியாரோ தாயோ அருகில் இல்லாத ஒரு பெண் தனியே அடுப்பின்முன் நின்றால் அவளுக்குக் கைகொடுக்கும்படி, அளவுகளோடு, படிப்படியாக எழுதினார். அந்நூல் தலைமுறைகளைக் கடந்து, கடல் கடந்து போனவர்களின் பெட்டிகளிலும் இடம்பிடித்தது. மரபைக் கொண்டுசேர்த்தது அந்த எளிமைதான். பெருமூச்சுகளால் ஒரு பணியாரமும் இதுவரை வெந்ததில்லை.

மிக்சி ருசியைக் கொன்றது என்பார்கள். இதில் பாதி உண்மை, ஒப்புக்கொள்கிறேன். மிக்சியின் கத்தி வேகத்தில் உளுந்து சூடேறும். கல்லில் அரைத்ததைப்போல மாவு காற்றை வாங்கிப் பொங்காது. பால் பணியாரத்தில் இந்த வேறுபாடு நாவில் தெரியும். ஆனால் அதற்கான விடை ஆட்டுக்கல்லுக்குப் பெண்ணைத் திரும்ப அனுப்புவதல்ல. 1950களிலேயே கோவையில் கல்லோடு மின்மோட்டாரைப் பிணைத்து விடை கண்டுவிட்டார்கள். 2011-இல் தமிழக அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியபோது நம்மில் பலர் இலவசம் என்று கேலி செய்தோம். எங்கள் தெருவில் அந்தக் கிரைண்டர் இறங்கிய நாளில் என் சித்தி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எங்க மாமியாவுக்கு இது வந்திருக்கலாம்" என்றார். கேலி செய்தவர்களில் எத்தனைபேர் வாழ்நாளில் ஒரு படி உளுந்தையாவது குழவி பிடித்து ஆட்டியவர்கள்?

இன்னொரு பக்கத்தையும் விட்டுவைப்பதற்கில்லை. பத்து நிமிடத்தில் பாரம்பரிய இனிப்பு என்று காட்டும் காணொளிகள் பெரும்பாலும் டப்பாப் பாலையும் செயற்கை நிறத்தையும் கொட்டி முடிப்பவை. அது எளிமை அல்ல, வேலையைத் தொழிற்சாலைக்கு மாற்றிவிடுதல். உண்மையான எளிமை இம்மரபுக்குள்ளேயே இருக்கிறது என்பதுதான் என் தரப்பு. வெள்ளைப் பணியாரத்துக்கு மாவு புளிக்கவே வேண்டாம்; இரண்டு மணிநேரம் ஊறினால் போதும். கவுனி அரிசியை இரவே ஊறவைத்துவிட்டால் மறுநாள் குக்கர் பார்த்துக்கொள்ளும். தேங்காய்த் துருவலும் சீனியும் நெய்யும் சேர்த்தால் முடிந்தது. அந்தக் கவுனி பர்மாவிலிருந்து நகரத்தார் கொண்டுவந்தது என்பார்கள். சீனியோ பெயரிலேயே சீனத்தைச் சுமந்துகொண்டிருக்கிறது. அயல்மண்ணின் அரிசியையும் சர்க்கரையையும் ஏற்றுக்கொண்ட அடுப்பு, ஒரு குக்கர் விசிலுக்கு மாசுபட்டுவிடும் என்று எவ்விதம் வாதிடுகிறோம்?

பெரிய வீடுகளின் பலகாரங்களை இடித்துக் கொடுத்த என் அப்பத்தா, தன் வீட்டில் எங்களுக்குச் செய்தது என்ன என்று பின்னர் யோசித்தேன். வறுத்த நிலக்கடலையும் வெல்லமும் சேர்த்து இடித்த உருண்டை. ஆடியில் ஒருநாள் கும்மாயம். அவ்வளவுதான். கூலிக்குக் கடினமானதையும் பிள்ளைகளுக்கு எளிதானதையும் செய்தாள். "இது என்னடா பெரிய வித்தை, கிண்டுனா வந்துரும்" என்பாள். அவளே எளிது என்று சொன்னதை நான்தான் என் கட்டுரையில் ரகசியமாக்கினேன்.

ஆகவே அந்தக் கட்டுரைக்குப் பரிகாரமாக, சென்ற ஆடியில் நானே செய்து பார்த்த அளவைத் தருகிறேன். அடுத்த பெருமூச்சை எழுத அமரும் நண்பர்கள் முதலில் இதைச் செய்துவிட்டு வரட்டும்.

தோல் நீக்கிய உளுந்து ஒரு கப், பாசிப்பருப்பும் பச்சரிசியும் கால் கால் கப். தனித்தனியே பொன்னிறமாக வறுத்து, ஆறியபின் மிக்சியில் நைசாக அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். அந்த மாவில் ஒரு கப் எடுத்து, கால் கப் நெய்யில் மணம் வரும்வரை வறுத்து இறக்கிவையுங்கள். கருப்பட்டியும் வெல்லமுமாக ஒரு கப், மூன்று கப் தண்ணீரில் கரைய வேண்டும். கரைசல் வெதுவெதுப்பாக இருக்கும்போதே மாவில் கட்டி தட்டாமல் கலந்து, மிதமான தீயில் விடாமல் கிண்டுங்கள். இடையிடையே இன்னும் கால் கப் நெய். ஈரக் கையால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். எனக்கு முக்கால் மணிநேரம் ஆயிற்று, மாவு அரைத்தது உட்பட. முதல்முறை அடிபிடித்தது, அடிகனமான பாத்திரம் எடுக்காத குற்றம். கருப்பட்டியில் மணல் இருக்கும், கரைசலை வடிகட்ட மறந்துவிடாதீர்கள்.