யாருக்கு விசர்?



பிள்ளையைத் தேடி முகாம் முகாமாக அலையும் தாயை "அவவுக்கு விசர் பிடிச்சிட்டுது" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1990இல் மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் இராணுவம் கொண்டுபோன பிள்ளைகளைத் தேடியவர்களுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. ஆர்ஜென்டீனாவில் 1977இல், காணாமற்போன தம் பிள்ளைகளைக் கேட்டு மே சதுக்கத்தில் கூடிய தாய்மாரையும் அங்கிருந்த இராணுவ ஆட்சியாளர் "பைத்தியக்காரிகள்" என்றே அழைத்தனர். பதில் சொல்ல விரும்பாதவர்களுக்கு இதைவிட வசதியான சொல் வேறென்ன உண்டு?

அதே சொல் வைத்தியரின் பேனையில் ஏறினால் இன்னும் பொல்லாதது. சோவியத் யூனியனில் அரசை விமர்சித்தவர்கள் பலருக்கு "மெதுவாக வளரும் உளப்பிளவு நோய்" என்று பெயரிட்டு, மனநோய் வைத்தியசாலைகளில் அடைத்தார்கள். நாட்டைத் திருத்த வேண்டும் என்ற நினைப்பே அந்த நோயின் அறிகுறிகளில் ஒன்றாம்! பிறநாட்டு வைத்தியர்கள் விடாமல் கேள்வி கேட்டார்கள். 1983இல், வெளியேற்றப்படுமுன் சோவியத் வைத்தியர் சங்கம் உலக மனநல மருத்துவச் சங்கத்திலிருந்து தானே விலகியது. நடந்ததை ஒப்புக்கொண்ட பின்னரே, 1989இல் மீண்டும் சேர்க்கப்பட்டது.

இதை வாசித்துவிட்டு யாரும் மருந்தை நிறுத்திவிட வேண்டாம். மனநோய் உண்மையான நோய்தான். மருந்தால் தேறி, வீடும் தோட்டமும் பார்க்கிற பெண்கள் தீவகத்திலேயே இருக்கிறார்கள். வைத்தியத்துக்குப் பதிலாகச் சங்கிலியை நம்பினால் என்னவாகும் என்பதற்குக் கடலுக்கு அப்பால், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி சாட்சி. 2001 ஓகஸ்ட் 6ஆம் திகதி விடியற்காலை அங்கு ஒரு மனநோயாளர் காப்பகத்தில் தீப்பிடித்தது. கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அந்தச் சங்கிலிகள் அதற்கு முன்னரும் ஊருக்குத் தெரியாதவையல்ல. பத்திரிகைகள் எழுதி, இந்திய உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்த பிறகுதான் அசைவு வந்தது.

எங்கள் நாட்டு மனநோய்ச் சட்டமும் 1873இல் ஆங்கிலேயர் இட்ட அடித்தளத்தில் எழுந்ததுதான். குணப்படுத்துவதைவிட அடைத்துவைப்பதே அன்று பெரிதாகப்பட்டது. மனநோய் என்றாலே அங்கொடை என்றிருந்த காலம் போய், இன்று தெல்லிப்பழையிலும் யாழ்ப்பாணத்திலும் அரச வைத்தியசாலைகளிலேயே சிகிச்சை பெறலாம்.

நெடுந்தீவிலிருந்து படகேறி, குறிகட்டுவானில் பஸ் பிடித்துப் போய்வர ஒரு நாளே முடிந்துவிடும். அவ்வளவு தூரம் போகிறவர்கள் வாய்மூடித் திரும்பாதீர்கள். நோயின் பெயர் என்ன, எந்தக் குளிசை, எத்தனை மாதம் எடுக்க வேண்டும், நித்திரை ஏன் அமத்துகிறது என்று கேளுங்கள். கூடவந்த கணவரோ மாமியோ அவவுக்காகப் பேசத் தொடங்கினால், அவவைத் தனியே பேசவிடும்படி தாதியிடம் சொல்லுங்கள்.