பிறர் கூட்டில் வளரும் தேனீ

குயில் காக்கையின் கூட்டில் முட்டையிடும் என்பதை நீங்கள் அறிவீர்கள். தேனீக்களிலும் அவ்வியல்புடையவை உண்டு. அவற்றைக் குயில் தேனீக்கள் என்பர். அவற்றுள் ஒன்று, கருநிற உடலில் நீலப் புள்ளிகள் மின்னும் தைரியஸ் என்னும் பேரினம். பெயரைக் கேட்டுத் தைரியம் என்று எண்ணிவிடாதீர்கள். கிரேக்க மொழியில் தைரியோஸ் என்பது கேடயம்!

அமேகில்லா என்னும் தேனீ மண்ணைக் குடைந்து கூடமைக்கும். அது மகரந்தம் திரட்டச் சென்றிருக்கும் நேரம் பார்த்து, தைரியஸ் பெண்தேனீ உள்ளே நுழைந்து முட்டையிடும். அதிலிருந்து வெளிவரும் புழுவுக்கு அரிவாள் போன்ற தாடைகள் உண்டு. அது உரியவரின் முட்டையையோ புழுவையோ கொன்று, சேமித்து வைத்த உணவை உண்டு வளரும். மகரந்தம் சுமக்கும் மயிர்க்கற்றை இத்தேனீக்குக் கிடையாது. அதற்குத் தேவையும் இல்லை.

"இந்தத் திருட்டுப் பூச்சிக்கு ஏன் ஐயா பெயர் தேட வேண்டும்?" என்று மாணவர் ஒருவர் வினவினார். அவ்வினாவை நான் மதிக்கிறேன். ஆனால் அதிலுள்ள கருத்தை ஏற்கவில்லை. திருட்டு என்பது மனிதர் வகுத்த சொல். மேலும், அமேகில்லா செழித்திருந்தால்தான் தைரியஸ் வாழ இயலும். கூடமைப்பவை குறைந்தால், அவற்றை நம்பியிருப்பவை முன்னதாகவே மறையக்கூடும். மறைந்தது எது என்று சொல்வதற்கேனும் பெயர் வேண்டாவா?

பெயரிடுதலோ எளிதன்று. தைரியஸ் சிற்றினங்கள் பலவும் ஒன்றுபோலவே தோன்றும். புள்ளிகளின் அமைப்பு, முதுகுத் தகட்டின் பின்விளிம்பு, ஆணின் இனப்பெருக்க உறுப்பு ஆகியவற்றை நுண்ணோக்கியில் ஒப்பிட வேண்டும். உணர்கொம்பின் கணுக்களையும் எண்ணுவர்: பெண்ணுக்கு 12, ஆணுக்கு 13. பூச்சியியலில் ஆணையும் பெண்ணையும் வேறு வேறு இனங்களாகக் கருதி இரு பெயர் சூட்டிய பிழைகள் பல. அவ்வாறு நேர்ந்தால், பொதுவாக முதலில் வெளியான பெயரே நிலைக்கும்.

என் மாணவி ஒருத்தியின் பெயர், வேற்று மொழியில் எழுதப்பட்ட மூன்று பதிவேடுகளில் மூன்று விதமாக இருந்தது. அவள் ஒருத்தியா, மூவரா என்று ஓர் எழுத்தர் ஐயுற்றார். உங்களுள் சிலருக்கும் இது நேர்ந்திருக்கும். ஆகவே, பெயரின் குழப்பம் எத்தகையது என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

படை அதிகாரியாக இருந்த பிங்காம், இந்தியக் குளவிகளையும் தேனீக்களையும் பற்றி 1897-இல் நூல் எழுதினார். லீஃப்டிங்க் என்னும் டச்சு அறிஞர் 1962-இல் இந்திய ஆஸ்திரேலியப் பகுதியின் தைரியஸ் இனங்களை மறுஆய்வு செய்தார். நம் நாட்டுப் பூச்சிகள் பலவற்றின் மூலமாதிரிகள் இன்றும் ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் இருப்பது எனக்கு உவப்பானதன்று. கொல்கத்தாவில் 1916-இல் நிறுவப்பட்ட இந்திய விலங்கியல் ஆய்வகம் உண்டு. இனிக் கண்டறியப்படும் இந்திய இனங்களின் மாதிரிகளேனும் இங்குப் பேணப்பட வேண்டும் என்பேன்.

அந்திப்பொழுதில் பள்ளித் தோட்டத்தைப் பாருங்கள். மெல்லிய தண்டு ஒன்றைத் தாடையால் கவ்வியவாறு நீலப் புள்ளித் தேனீ உறங்கிக்கொண்டிருக்கலாம். தொடாமல் நின்று, அதன் புள்ளிகளை எண்ணி ஏட்டில் வரைந்து வாருங்கள்.