மண்ணெண்ணெய்க் கார்களும் எழுதப்படாத கல்வியும்

பழைய மோட்டார்க் கார்களின்மேல் நம்மவர்க்கு அண்மைக்காலத்திலே ஒரு புதுக்காதல் பிறந்திருக்கின்றது. மணமக்களை ஏற்றிச் செல்வதற்கு மொறிஸ் மைனரையோ ஒஸ்ரின் ஏ 40ஐயோ தேடிப் பிடிக்கின்றார்கள். புதுவர்ணம் தீட்டிப் பூமாலை சூட்டிப் படமும் எடுக்கின்றார்கள். காண்பதற்கு இனிமையாகவே இருக்கின்றது. ஆனால் எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே யப்பானிய எஞ்சின் வீற்றிருப்பதும் உண்டு. உதிரிப்பாகம் கிடையாதவிடத்து வேறென்ன செய்வது? அதனைக் குறைகூற நான் முன்வரவில்லை. தகரத்தைப் பேணுவதில் நாம் காட்டும் ஊக்கத்திலே பத்திலொரு பங்கைக்கூட அத்தகரத்தை ஓடவைத்த அறிவைப் பேணுவதிற் காட்டவில்லை என்பதே என் முறைப்பாடு.

ஆசிரியத் தொழிலிற் சேர்ந்து சில ஆண்டுகள் கழிந்தபின், 1980களின் நடுப்பகுதியிலே, மூன்று கை மாறி வந்த மொறிஸ் மைனர் ஒன்றை வாங்கினேன். 1948 ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே வெளிவந்து 16 இலட்சத்துக்கு மேலாகச் செய்யப்பட்ட இனம் அது. என்னுடையது 1956 ஆம் ஆண்டுக்குப் பின் வந்த வகை, 948 சீ.சீ. எஞ்சின், பிளவற்ற முன்கண்ணாடி. இதனை வரைந்த அலெக் இசிகோனிஸ் என்பார், மாதிரி வண்டியின் அகலம் போதாதெனக் கண்டு, அதனை நெடுக்காக இரண்டாய் அறுத்து, நடுவிலே 4 அங்குலம் சேர்த்து ஒட்டுவித்தாராம். அந்த ஒட்டின் சுவடு எஞ்சின் மூடியின் நடுவே ஒரு பட்டையாக இன்றும் தெரியும். மாணவர்களுக்கு நான் முதலிற் காட்டுவது அப்பட்டையைத்தான். பெரியவர்களும் அறுத்து ஒட்டித்தான் செய்கின்றார்கள் என்று கண்டவுடன் பிள்ளைகளின் முகத்திலே ஒரு தெளிவு தோன்றும்.

அக்கார் எனக்குத் தந்த தொல்லைகளுக்கு அதன் முதுமையன்றி வேறு காரணம் கிடையாது. மாரிகாலத்திலே ஈரம் கசிந்து நடுவழியில் நின்றுவிடும். கோடையிலே கொதித்து நிற்கும். திருமணத்துக்குச் சென்றால், பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளுவதற்கு இருவரை உடன்கொண்டே செல்லவேண்டும். (உறவினர் சிலர் என்னுடன் வருவதைத் தவிர்த்தமைக்குக் காரணம் அதுவே என்பதை அறிவேன்.) ஆயினும் அத்தொல்லைகளின் பயனாக எங்கள் ஊர்க் கராஜ்காரரிடம் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பாடம் கேட்கும் பேறு கிட்டியது.

அவர் ஐந்தாம் வகுப்புக்கு மேற் படித்தவரல்லர். நின்றுபோன காரின் முன்னே வந்து நின்றதும் எதனையும் தொடமாட்டார். "மாஸ்ரர், முதல் கரண்ட் வருதோ எண்டு பாருங்கோ. வந்தால், எண்ணெய் வருதோ எண்டு பாருங்கோ. ரெண்டும் வந்தால், நேரத்துக்கு வருதோ எண்டு பாருங்கோ" என்பார். அவ்வளவுதான். பிளக்கைக் கழற்றி எஞ்சின் உடலோடு சேர்த்துப் பிடித்து, காரைச் சுழற்றி, தீப்பொறி பாய்கின்றதா என்று பார்ப்பது முதற்படி. காபரேற்றரின் கிண்ணத்தில் எரிபொருள் நிற்கின்றதா என்று பார்ப்பது இரண்டாவது. ஒன்று தீர்ந்தபின்னரே மற்றதைத் தொடுவார். எத்தனையோ பட்டதாரிகள் நான்கு காரணங்களை ஒருசேரக் குழப்பிக்கொண்டு திணறுவதைக் கண்ட எனக்கு, தர்க்கநூல் இங்கே கிறீஸ் படிந்த கையோடு நடமாடுவதாகவே தோன்றிற்று.

அவருடைய அறிவின் முழு வலிமையும் புலப்பட்டது 1990 ஆம் ஆண்டுக்குப் பின்னரே. வடபகுதிக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. பற்றறியும் வரவில்லை, வானொலி கேட்பதற்குச் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து டைனமோ சுழற்றிய காலம் அது. யாழ்ப்பாணத்து வாகனங்கள் மண்ணெண்ணெய்க்கு மாறின. அது எண்ணெயை மாற்றி ஊற்றினால் முடிந்துபோகும் காரியமன்று. பெற்றோல் குளிர்ந்த எஞ்சினிலும் ஆவியாகிக் காற்றோடு கலக்கும். மண்ணெண்ணெய்க்குச் சூடு வேண்டும். ஆகவே கிடைத்தற்கரிய பெற்றோலைச் சிறு போத்தலிலே வைத்து, சேலைன் குழாய் வழியாகக் காபரேற்றருக்குச் சொட்டுச் சொட்டாக விட்டு எஞ்சினை எழுப்பவேண்டும். சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். வீடு சேர்வதற்குச் சற்று முன்பே மீண்டும் பெற்றோலுக்கு மாற்றி நிறுத்தவேண்டும். அன்றேல் மறுநாட் காலை அது எழும்பாது.

அதனோடும் முடியவில்லை. மண்ணெண்ணெய் உரிய கணத்துக்கு முன்னரே வெடித்து எஞ்சினை இடிக்கும். ஆதலாற் பொறி பாயும் நேரத்தைச் சற்றுப் பின்தள்ளினார். எரியாது மிஞ்சிய மண்ணெண்ணெய் றிங்குகளைத் தாண்டி அடியிலுள்ள எஞ்சின் ஒயிலிற் கலந்து அதனை நீராக்கிவிடும். அளவுகோலை இழுத்துப் பார்த்தால் ஒயில் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கும். "கூடியிருக்கெண்டு சந்தோசப்படாதேங்கோ மாஸ்ரர், அது கூடாத கூட்டம்" என்றார். நம் புலவர் எவரும் இதனினும் நல்ல சிலேடை சொல்லக் கேட்டிலேன்.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது காரைக் கிடுகுக் கொட்டிலில் விட்டுச் சென்றோம். திரும்பிவந்தபோது சில்லுகளும் இருக்கைகளும் போய்விட்டன. எஞ்சின் மட்டும் இருந்தது. மறுபடியும் அவரே அதை எழுப்பினார். 2000களின் நடுப்பகுதியிலே அவர் காலமானார். ஒரு வரியும் எழுதிவைத்தாரில்லை.

மொறிஸ் மைனருக்கு வேண்டிய தகரப் பாகங்களை 1990களில் இந்நாட்டிலேயே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள் என்பது பலரும் அறியாத செய்தி. கைத்திறன் இங்கே இருந்தது என்பதற்கு அதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இந்த அறிவினால் இனிப் பயன் என்ன என்று சிலர் வினவுவர். இக்காலக் கார்களின் குறையைக் கணினியே சொல்லிவிடுகின்றதாம். உண்மைதான். 2022 ஆம் ஆண்டிலே நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது என்னிடம் வந்து மண்ணெண்ணெய் நுட்பத்தைக் கேட்ட இளைஞர்களுக்கும், இன்றைய எஞ்சின்களில் அதனை முயலவேண்டாம் என்றே சொன்னேன். அந்நுட்பத்தை மீண்டும் கையாளவேண்டும் என்பது என் கருத்தன்று. இல்லாமையின் நடுவே, நூலின் துணையுமின்றி, கண்ணாற் கண்டதிலிருந்து காரணத்தை உய்த்துணர்ந்த ஒரு தலைமுறையின் சிந்தனை முறை அது. போர்க்காலத்தைப் பற்றி நம்மவர் கவிதைகளும் கதைகளும் ஏராளமாக எழுதினர். இழந்தவற்றை எழுதினர், அது முறையே. அக்காலத்தில் நாம் எவ்வாறு இயங்கினோம் என்பதை எழுதியவர் மிகச் சிலர்.

மொழியின் நட்டமும் இதிலுண்டு. நம் பாடநூல்கள் அகத்தகன எஞ்சின் என்கின்றன. தீப்பொறிச் செருகி என்கின்றன. கராஜிலே பிளக்கு என்பதோடு, 'இழுவை காணாது', 'மிஸ் அடிக்குது', 'மூச்சு முட்டுது' என்றும் சொல்கின்றார்கள். இழுவை என்ற அச்சொல் எவ்வளவு பொருத்தமானது! பரீட்சையிலே அதனை எழுதும் மாணவனுக்குப் புள்ளி கிடைக்குமா என்பது ஐயமே. வழக்குச் சொற்களைத் தொகுக்கப் புறப்படும் நம் அன்பர்கள் வயலுக்கும் கடற்கரைக்கும் செல்கின்றனர். கராஜ் வாசலை எட்டிப்பார்ப்பவரைக் காணோம். எண்ணெய்க் கறை வேட்டியில் ஒட்டிவிடும் என்ற அச்சமோ, அறியேன்.

பெரிய ஆராய்ச்சித் திட்டம் எதுவும் வேண்டியதில்லை. உயர்தர வகுப்பு மாணவர் நால்வர், ஒரு கொப்பி, பேச்சைப் பதிவுசெய்யக் கைத்தொலைபேசி ஒன்று, விடுமுறையிலே சில சனிக்கிழமைகள் போதும். பௌதிகவியல் ஆசிரியர் ஒருவரும் தமிழாசிரியர் ஒருவரும் உடன் சென்றால் நன்று. எங்கள் அயலிலே அக்காலத்துக் கராஜ்காரர் இருவர் இன்னும் உளர். ஒருவருக்குப் பார்வை மங்கிவிட்டது. ஆனால் எஞ்சின் ஓடும் ஓசையைக் கேட்டே குறையைச் சொல்கின்றார். மற்றவர் அடுத்த ஆவணியில் மகளோடு கனடா செல்கின்றார்.