கருங்கழுகும் கலைத்தகுதியும்

இயக்கத்துக்காக வரையப்படும் ஓவியம் வெறும் பரப்புரையாகச் சுருங்கிவிடுகிறது என்றும், சங்கம் கட்டும் அன்றாடப் பணிக்கும் அது உதவுவதில்லை என்றும் கூறும் கருத்து கலை விமர்சகர்களிடம் மட்டுமன்றி இயக்கத்தவரிடமும் வேரூன்றியுள்ளது. கலிஃபோர்னியப் பண்ணைத் தொழிலாளரின் வரலாறு இவ்விரண்டையும் மறுக்கிறது.

பயனில்லை என்ற கூற்றை முதலில் நோக்கலாம். 1962இல் சீசர் சாவேஸும் டோலோரஸ் வெர்ட்டாவும் தோழர்களுடன் தொடங்கிய சங்கத்தின் கொடிக்கான கருங்கழுகுச் சின்னத்தில், சாவேஸின் தம்பி ரிச்சர்ட் சிறகுகளை நேர்க்கோடுகளால் ஆன படிக்கட்டு விளிம்புகளாக அமைத்தார். வரைந்து பழகாத தொழிலாளியும் அதைத் துணியில் எளிதாகப் படியெடுக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். 1964இல் தோன்றிய சங்க இதழான 'எல் மால்கிரியாடோ'வில் ஆண்ட்ரூ செர்மென்யோ வரைந்த கேலிச்சித்திரங்கள், ஏமாற்றப்படும் தொழிலாளி, கங்காணி, பண்ணை முதலாளி ஆகிய மூவரையும் நிலையான பாத்திரங்களாக்கி, சுரண்டலின் அமைப்பைப் படிக்கத் தெரியாதவருக்கும் விளக்கின. 1965இல் லாரி இட்லியோங் தலைமையில் பிலிப்பினோ தொழிலாளர் டெலானோவில் தொடங்கி, சாவேஸின் சங்கமும் இணைந்த வேலைநிறுத்தத்தைப் படங்கள் வென்றெடுத்தன என்று எவரும் வாதிட வேண்டியதில்லை. வெற்றிக்கு வழிவகுத்தது, நுகர்வோர் திராட்சையை வாங்க மறுத்த புறக்கணிப்பே. ஆயினும் 1970இல் ஒப்பந்தங்கள் கையெழுத்தானபோது, சங்கத்தை ஏற்ற பண்ணைகளின் பெட்டிகளைத் தொலைநகரத்து வாங்குவோருக்கு அடையாளம் காட்டியது அவற்றில் பொறிக்கப்பட்ட அதே கழுகுதான். அந்த இடத்தில் சித்திரமே சங்கத்தின் கருவியாயிற்று.

கலைத்தகுதி குறையும் என்ற வாதம், நோக்கம் தெளிவாக இருந்தால் நுட்பம் மங்கிவிடும் என்று பிழையாகக் கருதுகிறது. பண்ணைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த எஸ்டர் எர்னாண்டஸ், பூச்சிக்கொல்லியால் தம் ஊர்ப் பகுதியின் தண்ணீர் நஞ்சானதை அறிந்து, 1982இல் 'சன் மேட்' என்ற படைப்பை, சட்டத்தில் இழுத்துக் கட்டிய திரைத்துணியின் வழியே மையைச் செலுத்தும் திரை அச்சு முறையில் உருவாக்கினார். புகழ்பெற்ற உலர்திராட்சைப் பெட்டியில் கூடையேந்திச் சிரிக்கும் பெண் அதில் எலும்புக்கூடாகிறாள். வண்ணமும் எழுத்துருவும் விளம்பரத்தின் கவர்ச்சியை அப்படியே தாங்கி நிற்பதால்தான் அதிர்ச்சி கூர்மை பெறுகிறது. இத்தகைய வடிவத் தேர்ச்சியைப் பரப்புரை என்று ஒதுக்குவது பார்வைக் குறைபாடேயன்றி விமர்சனமாகாது. அந்த அச்சுப்படி இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் கலை அருங்காட்சியகத் தொகுப்பில் உள்ளது.