கடைவாசலும் மனச்சான்றும்



விசுவாசம் ஞாயிறு திருப்பலியோடு முடிந்துவிடுவதன்று. தராசுத் தட்டிலும் கல்லாப்பெட்டியிலும் அது சோதிக்கப்படுகிறது. அமெரிக்க நாட்டில் ஒரு சிறிய கேக் கடைக்கு நேர்ந்த சோதனையை இத்திங்கள் எண்ணிப் பார்ப்போம்.

கொலராடோ மாநிலத்து லேக்வுட் நகரிலுள்ள அக்கடைக்கு 2012 ஜூலையில் இரு ஆடவர் வந்து, தங்கள் திருமண விருந்துக்குக் கேக் வேண்டுமென்றனர். அவருள் ஒருவருடைய தாயும் உடன் வந்திருந்தார். கடைக்காரர் ஜாக் பிலிப்ஸ் பிரிந்த சகோதரர்களுள் ஒருவர், பக்தி மிக்கவர். பிறந்தநாள் கேக்கோ வேறு பண்டமோ தரத் தடையில்லை, ஒருபால் திருமணத்திற்கு மட்டும் செய்வதில்லை என்று அவர் மறுத்தார். வந்தவர்கள் மனம் நொந்து வெளியேறினர். மறுநாள் அத்தாய் தொலைபேசியில் அழைத்துக் காரணம் கேட்டார். அந்தத் தாயின் மனநிலையை எண்ணாமல் இவ்வழக்கைப் பேசுவது நமக்கு முறையாகத் தோன்றவில்லை.

கடைக்காரர் சட்டத்தை மீறினார் என்று மாநில ஆணையம் முடிவு செய்தது. அவர் திருமணக் கேக் செய்வதையே விட்டுவிட்டார். தொழிலில் நாற்பது விழுக்காடு போயிற்று என்பது அவர் கூற்று. 2018 ஜூன் 4-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. நம்மவர் சிலர் இதை முழு வெற்றியாகக் கொண்டாடினர். அது சரியன்று. ஆணையம் அவருடைய சமய நம்பிக்கையை நடுநிலையோடு நோக்கவில்லை என்பதே தீர்ப்பின் அடிப்படை. மூலக் கேள்விக்கு விடை அன்று கிடைக்கவில்லை.

அதே ஆண்டு அக்டோபரில் ஐக்கிய இராச்சியத்தின் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு நமக்குத் தெளிவூட்டுகிறது. வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில், ஒருபால் திருமணத்தை ஆதரிக்கும் வாசகத்தைக் கேக்கின் மேல் எழுதித் தருமாறு 2014-இல் ஒருவர் கேட்டார். ஆஷர்ஸ் என்னும் கடையினர் மறுத்தனர். நீதிபதிகள் ஐவரும் ஒருமனதாகக் கடையினர் பக்கம் நின்றனர். அவர்கள் மறுத்தது ஆளையன்று, வாசகத்தை. வேறு எவர் கேட்டிருப்பினும் மறுத்திருப்பர் என்பது காரணம்.

ஆளை மறுப்பதற்கும் சமயத்தைத் துணைக்கு அழைத்தவர்கள் உண்டு. தென் கரோலினாவில் பிக்கி பார்க் என்னும் உணவகங்களின் உரிமையாளர், கறுப்பின மக்களுக்கு அமர்ந்து உண்ண இடம் தர மறுத்தார். தம் சமய நம்பிக்கையையே காரணம் காட்டினார். 1968-இல் உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தைச் சிறிதும் ஏற்கவில்லை. தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை கண்ட நமக்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

மனச்சான்றுக்கு மாறாக நடக்க எவரும் வற்புறுத்தப்படலாகாது என்று 1965-இல் வத்திக்கான் சங்கம் கூறிற்று. அவ்வுரிமைக்குத் தக்க வரம்பு உண்டென்பதையும் சேர்த்தே கூறிற்று. திருமணம் ஆணும் பெண்ணும் இணையும் உறவு என்னும் போதனையில் மாற்றமில்லை. ஒருபால் ஈர்ப்புடையோரை மதிப்போடும் பரிவோடும் ஏற்க வேண்டும், அநீதியாக ஒதுக்கலாகாது என்பதும் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் உள்ளதே. இரண்டில் ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்தோர் நம்மிடையே பலர்!

பிறர் செயலுக்கு ஒத்துழைப்பதில் நெருக்கமும் தொலைவும் உண்டென்று அறநெறி இயல் கற்பிக்கும். வாழ்த்தைத் தம் சொல்லால் இயற்றுபவர் நெருங்கி நிற்கிறார். நாற்காலி வாடகைக்கு விடுபவர் வெகு தொலைவில் நிற்கிறார். முன்னவரின் மனச்சான்றைச் சட்டம் காக்க வேண்டும் என்பதே நம் கருத்து. பின்னவர் அதே சலுகையைக் கோரினால் நாம் துணை நிற்க இயலாது.

2023 ஜூன் 30-இல், திருமண இணையதளங்கள் வடிவமைக்க விரும்பிய கொலராடோப் பெண்மணி ஒருவருக்கு ஆதரவாக அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அதுவும் சமயச் சுதந்திரத்தின்மேல் எழுந்ததன்று, பேச்சுரிமையின்மேல் எழுந்தது. தமக்கு உடன்பாடில்லாத கருத்தைத் தம் படைப்பில் வெளியிடுமாறு அவரை அரசு வற்புறுத்த இயலாது என்றது. அலமாரியில் முன்னரே அடுக்கி வைத்த கேக்கை ஆள் பார்த்து விற்க அத்தீர்ப்பு எவருக்கும் உரிமை தரவில்லை.